இரும்பில் வரைந்த கோடுகள்

சிற்பம் என்றதும் பலருடைய மனக்கண்ணில் தோன்றுபவை இரண்டு. ஒன்று, உளியால் செதுக்கப்பட்ட கற்சிலை. மற்றொன்று, கோயில்களில் காணும் வெண்கலத் திருமேனி. கற்சிலையைச் செய்பவர் வேண்டாத பகுதிகளை நீக்கிக்கொண்டே போகிறார். வெண்கலத் திருமேனியைச் செய்பவர் முதலில் மெழுகால் உருவம் அமைக்கிறார். அதன்மேல் மண் பூசிச் சூடேற்றுகிறார். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார். செதுக்குவதும் வார்ப்பதும் மிகப் பழங்காலம் முதல் மனிதர் அறிந்த முறைகள்.

இவற்றோடு வேறொரு முறையும் உண்டு. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, கம்பியையும் குழாயையும் சேர்த்து, துண்டு துண்டாக இணைத்தே ஓர் உருவத்தை எழுப்புவது அம்முறை. கப்பலும் பாலமும் மகிழுந்தும் இப்படித்தான் உருவாகின்றன. ஆனால், இரும்பைப் பற்றவைத்துச் சிற்பம் செய்யும் வழக்கம் தோன்றி ஏறத்தாழ நூறு ஆண்டுகளே ஆகின்றன. அவ்வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர், ஓவியராக வேண்டும் என்று விரும்பி, பட்டறை வேலையால் வாழ்க்கை நடத்திய ஒருவர். அவர் பெயர் ஹூலியோ கொன்சாலெஸ்.

பட்டறையே பள்ளி

கொன்சாலெஸ் 1876ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பொற்கொல்லர். உலோக வேலைப்பாடுகள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்திவந்தார். கொன்சாலெஸும் அவருடைய அண்ணன் ஜுவானும் சிறு வயதிலேயே அப்பட்டறையில் தொழில் பழகினர். மாலை வேளைகளில் ஓவிய வகுப்புக்கும் சென்றனர்.

அக்காலத்தில் பார்சிலோனா வேகமாக வளர்ந்துவந்தது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி அங்கே வாழ்ந்த காலம் அது. புதிதாக எழுந்த மாளிகைகளின் வாயிற்கதவுகளிலும் மாடி முகப்புகளிலும் இரும்பால் ஆன கொடிகளும் இலைகளும் பூக்களும் படர்ந்தன. இரும்பு வேலை அறிந்த கைகளுக்கு அந்நகரில் மதிப்பு இருந்தது.

உலோகப் பட்டறையில் பாடநூல் கிடையாது. கண்ணும் காதும் கையுமே அங்கே பாடநூல்கள். உலையில் இட்ட இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகும், பிறகு செம்மஞ்சளாகும், அதற்கும் மேல் சூடேறினால் மஞ்சளாகி, வெண்மையை நெருங்கும். எந்த நிறத்தில் எடுத்து அடிக்க வேண்டும் என்பதைத் தொழிலாளி நிறம் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டும். சூடு குறைந்தால் இரும்பு வளைய மறுக்கும். அடித்தால் விரிசல் காணும். சூடு மிகுந்தால் பொறி பறந்து இரும்பு கருகிவிடும். அடைகல்மேல் சம்மட்டி விழும் ஓசையைக் கேட்டே அடி சரியாக விழுந்ததா என்று தேர்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

‘இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது’ என்பது தமிழர் பழமொழி. கொன்சாலெஸின் கைகளும் அப்படிப்பட்டவையே. இளமையில் அக்கைகள் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. ஆனால், அதன் முழுப் பயனும் வெளிப்பட அவர் ஐம்பது வயதைக் கடக்க வேண்டியிருந்தது.

எட்டாத கனவு

1896ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். சில ஆண்டுகளில் குடும்பம் பட்டறையைக் கைவிட்டு, பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. அன்றைய பாரிஸ் ஐரோப்பியக் கலைஞர்களின் கனவு நகரமாக இருந்தது. பார்சிலோனாவில் கொன்சாலெஸுக்கு அறிமுகமான பாப்லோ பிக்காசோ என்ற இளம் ஓவியரும் அந்நகருக்கு வந்து சேர்ந்தார்.

கொன்சாலெஸ் ஓவியராகவே விரும்பினார். விடாமல் வரைந்தார். ஆயினும், 1908ஆம் ஆண்டு அண்ணன் ஜுவான் இறந்தது அவரை நிலைகுலையச் செய்தது. ஒரே பட்டறையில் ஒன்றாகத் தொழில் பழகிய அண்ணனின் இழப்பு அவர் மனத்தை நெடுநாள் வாட்டியது.

காலம் ஓடியது. பிக்காசோவின் பெயர் உலகெங்கும் பரவியது. கொன்சாலெஸோ நகைகளும் உலோக அலங்காரப் பொருள்களும் செய்து விற்று வாழ்ந்தார். ஓவியம் வரைபவர் கலைஞர். உலோகம் தட்டுபவர் தொழிலாளி என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. ஓவியத்தின் மூலையில் வரைந்தவரின் பெயர் இருக்கும். ஓர் இரும்புக் கதவைப் பார்த்து, அதைச் செய்தவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. இவ்விரண்டு உலகங்களுக்கும் நடுவில் கொன்சாலெஸ் நின்றார்.

நாற்பதைக் கடந்தபின் ஒரு புதிய பாடம்

1918ஆம் ஆண்டு முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டு. அப்போது கொன்சாலெஸ் பாரிஸை ஒட்டிய ஒரு பகுதியில் இருந்த ரெனோ தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாற்பது வயதைக் கடந்த அவர், அங்கே ஒரு புதிய தொழிலைத் தொடக்கத்திலிருந்து கற்றார். அதுவே வாயுச் சுடரால் இரும்பைப் பற்றவைக்கும் தொழில்.

உலோகத் துண்டுகளை இணைப்பதற்கு அவர் ஏற்கெனவே பல வழிகளை அறிந்திருந்தார். துளையிட்டுத் தறையாணி அடித்து இணைக்கலாம். பொற்கொல்லர் செய்வதுபோலப் பொடிவைத்து ஊதியும் இணைக்கலாம். பொடிவைத்து ஊதும்போது, இடையில் வைத்த பொடி மட்டும் உருகிப் பசைபோல இரு துண்டுகளையும் பிடித்துக்கொள்ளும். இரு துண்டுகளும் உருகுவதில்லை.

பற்றவைத்தல் இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆக்சிஜன், அசெட்டிலின் ஆகிய இரு வாயுக்கள் குழாய்கள் வழியாக வந்து ஒரு கைக்கருவியில் கலக்கின்றன. அக்கருவியின் எரிமுனையில் எழும் சுடரின் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,540 டிகிரியே போதும். எனவே, சுடர் பட்ட இடத்தில் இரு துண்டுகளின் ஓரங்களும் உருகி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தேவைக்கேற்ப ஒரு மெல்லிய கம்பியையும் அதில் உருக்கிச் சேர்ப்பதுண்டு. ஆறியபின் அவை இரண்டு துண்டுகளாக இருப்பதில்லை, ஒரே இரும்பாகிவிடுகின்றன.

இம்முறையில் ஒரு பெரிய விடுதலை இருந்தது. தறையாணி அடிக்க இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பற்றவைக்கவோ, ஒரு கம்பியின் நுனி ஒரு தகட்டின் விளிம்பைத் தொட்டாலே போதும். எந்தத் திசையிலும், எந்தக் கோணத்திலும் ஒன்றோடொன்றைச் சேர்க்கலாம். தொழிற்சாலையில் இம்முறை இயந்திரங்களை உருவாக்கப் பயன்பட்டது. அதைக் கொண்டு ஒரு முகத்தையோ கூந்தலையோ உருவாக்கலாம் என்று கொன்சாலெஸுக்கு உடனே தோன்றிவிடவில்லை. அவர் அதை ஒரு பிழைப்புத் தொழிலாகவே கற்றுக்கொண்டார்.

நண்பரின் தேவை

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1928ஆம் ஆண்டு பிக்காசோ கொன்சாலெஸின் உதவியை நாடினார். கவிஞர் கியோம் அப்போலினேர் பிக்காசோவின் நெருங்கிய நண்பர். 1918ஆம் ஆண்டு மறைந்தவர். அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் அமைக்கும் பொறுப்பு பிக்காசோவிடம் வந்திருந்தது.

அப்போலினேர் எழுதிய கதை ஒன்றில், இறந்துபோன கவிஞனுக்கு ஒரு சிற்பி சிலை செய்வான். கல்லாலோ வெண்கலத்தாலோ அன்றி, ஒன்றுமில்லாமையையே கொண்டு அச்சிலையை அமைப்பான். பிக்காசோவின் வடிவமைப்பும் அந்தக் கற்பனைக்கு நெருங்கியதாகவே இருந்தது. மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று காற்றை வளைத்துப் பிடித்தாற்போன்ற ஒரு சிலையை அவர் தாளில் வரைந்தார். தாளில் வரைவது எளிது. அக்கோடுகள் தாளைவிட்டு எழுந்து, தாமாகவே நிற்க வேண்டுமானால் என்ன செய்வது? அதற்கு இரும்பைப் பற்றவைக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

கொன்சாலெஸ் மெல்லிய இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்து மாதிரிகள் செய்து கொடுத்தார். நினைவுச் சின்னக் குழுவினர் அவற்றை ஏற்கவில்லை. கவிஞருக்குக் கம்பிக் கூடா சின்னம் என்று அவர்கள் தயங்கியிருக்கலாம். எனினும், இரு நண்பர்களும் தொடர்ந்து சேர்ந்து உழைத்தனர். 1929, 1930ஆம் ஆண்டுகளில் ‘தோட்டத்தில் பெண்’ என்ற சிற்பம் உருவாயிற்று. இரும்பைப் பற்றவைத்து, வெண்ணிறம் பூசிய அது ஓர் ஆளைவிட உயரமானது.

அதே காலத்தில் ‘பெண்ணின் தலை’ என்ற மற்றொரு சிற்பமும் பிறந்தது. அதன் பின்தலை எதனால் ஆனது தெரியுமா? சமையலறையில் நீர் வடிக்கப் பயன்படும் துளையுள்ள வடிகட்டிகள் இரண்டைச் சேர்த்தே அது செய்யப்பட்டது. சுருள்கம்பிகளும் தகடுகளும் அதனோடு இணைந்தன. அச்சிற்பத்தைப் பார்ப்பவர் வடிகட்டியையும் காண்கிறார், தலையையும் காண்கிறார். ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை.

யார் ஆசிரியர்? யார் மாணவர்?

இக்கூட்டு முயற்சி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்தது. வெளிப்பார்வைக்கு இதில் ஆசிரியர் கொன்சாலெஸ். இரும்பு எங்கே வளையும், எங்கே முறியும், எவ்வளவு பாரத்தை ஒரு கம்பி தாங்கும் என்பதை அறிந்தவர் அவரே. உலகப் புகழ்பெற்ற ஓவியர் அவரிடம் மாணவர்போல் கேட்டுக் கற்க வேண்டியிருந்தது.

ஆயினும், கற்பிக்க வந்தவரும் கற்றார். பட்டறையில் வளர்ந்த கொன்சாலெஸுக்கு ஒரு பொருள் அழகாகவும் பழுதின்றியும் முடிக்கப்பட வேண்டும் என்பதே பழக்கம். பிக்காசோ அப்பழக்கத்திற்குக் கட்டுப்படாதவர். ஒரு வடிகட்டி தலையாகலாம், ஒரு சுருள்கம்பி உருவத்தின் ஓர் உறுப்பாகலாம் என்ற துணிவு அவரிடம் இருந்தது. கைத்திறன் ஒருவரிடமும் துணிவு மற்றொருவரிடமும் இருந்தன. இரண்டும் ஒரே பட்டறையில் சந்தித்தபோது இருவருமே மாறினர்.

தம் கைகள் அறிந்திருந்த தொழிலே ஒரு கலைமொழியாக முடியும் என்பதைக் கொன்சாலெஸ் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்த அவர், முழுநேரச் சிற்பியாகத் தமது படைப்புகளில் இறங்கினார். தகட்டை வெட்டி மடித்து முகமூடிகள் செய்தார். ‘தலைவாரும் பெண்’ என்ற சிற்பத்தில் கூந்தல் சில கம்பிகளாகவே நிற்கிறது. உடலின் பெரும்பகுதி வெறும் காற்றே. ஆனாலும், ஒரு பெண் கையை உயர்த்திக் கூந்தலை வாரும் அசைவு பார்ப்பவருக்குப் புலப்படுகிறது.

இம்முறையைக் கொன்சாலெஸ் வெளியில் கோடு வரைவதாக விளக்கினார். வானத்தில் சிதறிக் கிடக்கும் விண்மீன்களைக் கற்பனைக் கோடுகளால் இணைத்து மனிதர் உருவங்களைக் கண்டனர். சிற்பியும் சில புள்ளிகளை மட்டும் இரும்பால் குறித்துவிட்டால், எஞ்சியதைப் பார்ப்பவரின் மனம் நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. கல்லில் வெற்றிடம் என்பது சிலைக்கு வெளியே இருப்பது. கொன்சாலெஸின் இரும்பில் வெற்றிடமும் சிலையின் ஓர் உறுப்பு.

இரும்பின் இரு முகங்கள்

மனிதர் இரும்பைக் கண்டறிந்த காலம் முதல் ஏருக்கும் அது பயன்பட்டது, வாளுக்கும் பயன்பட்டது. கொன்சாலெஸ் வாழ்ந்த காலத்தில் இரும்பு பெருமளவில் பீரங்கிகளாகவும் குண்டுகளாகவும் மாறிக்கொண்டிருந்தது. கொலைக் கருவியாக இருந்த இவ்வுலோகம் இனி அமைதியை விரும்பும் கலைஞர்களின் கைகளால் தட்டப்பட வேண்டும் என்பது அவர் எழுதிவைத்த விருப்பம்.

அவ்விருப்பத்துக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1936ஆம் ஆண்டு அவருடைய தாய்நாடான ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு பாரிஸில் அனைத்துலகக் கண்காட்சி நடைபெற்றது. அதில் ஸ்பெயின் அரங்குக்காகப் பிக்காசோ ‘குவெர்னிக்கா’ என்ற பேரோவியத்தை வரைந்தார். குண்டுவீச்சுக்கு இரையான ஓர் ஊரின் துயரை அது காட்டியது. அதே அரங்குக்குக் கொன்சாலெஸ் அளித்த சிற்பம் ‘மொன்செராட்’.

இரும்புத் தகடுகளைத் தட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்த உழவர் குலப் பெண்ணின் உருவம் அது. தலையில் முக்காடு, ஒரு கையில் குழந்தை, மற்றொரு கையில் அரிவாள். மொன்செராட் என்பது அவர் பிறந்த மண்ணில் உள்ள புனித மலையின் பெயர். அங்குள்ள பெண்கள் பலருக்கும் வைக்கப்படும் பெயர். அப்பெண் ஓடவில்லை; அழவில்லை; தலைநிமிர்ந்து நிற்கிறாள். வெற்றிடத்தில் கோடுகள் வரைந்த சிற்பி, தம் மக்களுக்காகப் பேச வேண்டிய வேளையில், யாவரும் எளிதில் அறியக்கூடிய உருவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பற்றவைக்கத் தேவையான வாயுக்கள் கிடைப்பது அரிதாயிற்று. இரும்பைக் கலைக்குக் கொண்டுவந்தவரின் கையிலிருந்து போர் அந்தச் சுடரைப் பறித்துக்கொண்டது. கொன்சாலெஸ் ஓயவில்லை. தாளில் வரைந்தார், சுண்ணச்சாந்தில் உருவங்கள் செய்தார். 1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் காலமானார். போர் முடிவதை அவர் காணவில்லை.

கைமாறிய சுடர்

கொன்சாலெஸ் மறைந்தாலும் அவர் ஏற்றிய சுடர் அணையவில்லை. அது கடல் கடந்து சென்றது.

அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு பிறந்த டேவிட் ஸ்மித், 1925ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு மகிழுந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே உலோக வேலையைப் பழகினார். பின்னர் அவரும் ஓவியம் கற்கச் சென்றார். பிக்காசோவும் கொன்சாலெஸும் உருவாக்கிய இரும்புச் சிற்பங்களின் படங்களை ஒரு பிரெஞ்சுக் கலை இதழில் கண்டதும் அவருக்குப் பொறி தட்டியது. தொழிற்சாலையில் தாம் கற்ற வேலையே கலையாக முடியும் என்று உணர்ந்த ஸ்மித், 1933ஆம் ஆண்டு இரும்பைப் பற்றவைத்துச் சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். நியூயார்க் நகரின் துறைமுகப் பகுதியில் இருந்த ஓர் இரும்புப் பட்டறையில் இடம் பிடித்து, அங்கிருந்த தொழிலாளர்களோடு தொழிலாளராக உழைத்தார்.

1962ஆம் ஆண்டு இத்தாலியில் வோல்ட்ரி என்ற ஊரில் கைவிடப்பட்ட தொழிற்சாலை ஒன்று ஸ்மித்துக்கு வழங்கப்பட்டது. அங்கே கிடந்த பழைய இடுக்கிகள், சக்கரங்கள், தகடுகள் ஆகியவற்றைக் கொண்டு 30 நாள்களில் 27 சிற்பங்களை அவர் உருவாக்கினார். அவர் தம் முன்னோடியை மறக்கவில்லை. 1956ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் எரிமுனையின் முதல் வல்லுநர் கொன்சாலெஸே என்று பாராட்டினார். இருவரும் ஆசிரியரும் மாணவருமாக ஒரே அறையில் அமர்ந்தவர்கள் அல்லர். ஆயினும், அது குருவுக்குச் செலுத்திய நன்றிக்கடனாகவே விளங்குகிறது.

1959ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று ஸ்மித்தைச் சந்தித்த ஆங்கிலேயச் சிற்பி அந்தோணி கேரோ, நாடு திரும்பியதும் களிமண்ணை விட்டு எஃகுக்கு மாறினார். லண்டன் கலைக்கல்லூரி ஒன்றில் ஆசிரியராகவும் இருந்த அவர் வழியாக இக்கலை இளைய தலைமுறையைச் சென்றடைந்தது.

இக்கலை மலேசியாவிலும் வேரூன்றியுள்ளது. பேராக் மாநிலத்தைச் சேர்ந்த சிற்பி ராஜா ஷாரிமான், 1990களில் இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்து ‘கெராக் தெம்பூர்’ என்ற சிற்பத் தொடரைப் படைத்தார். சிலாட் தற்காப்புக் கலையின் வேகமும் பதுங்கலும் பாய்ச்சலும் அவ்விரும்பு உருவங்களில் உறைந்து நிற்கின்றன. பார்சிலோனாவிலும் பாரிஸிலும் வளர்ந்த ஒரு வித்தை, மலாய் மண்ணின் அசைவைப் பேசக் கற்றுக்கொண்டது.

பயில்வோர் அறிய வேண்டியவை

இன்று தொழிற்கல்லூரிகளில் பற்றவைத்தல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இக்கலையைப் பயில விரும்புவோர் முதல் நாளே சிலை செய்துவிட முடியாது. பழைய தகட்டின்மேல் ஒரு நேர்க்கோட்டில் சுடரை நகர்த்துவதே முதற்பாடம். சுடரின் உட்கூர் தகட்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். அதன் கீழே இரும்பு உருகிச் சிறு குட்டைபோல் மினுங்கும். அந்தக் குட்டையை ஒரே சீராக நகர்த்த வேண்டும். விரைந்தால் இரும்பு உருகாது. தயங்கினால் தகட்டில் ஓட்டை விழும். பல மணி நேரப் பயிற்சிக்குப் பின்னரே கோடு நேராக அமையும்.

சிற்பம் செய்யும்போது முதலில் அட்டையில் மாதிரி செய்துகொள்வது நல்லது. அட்டையில் நேரும் தவற்றைக் கத்தரிக்கோலால் திருத்தலாம். இரும்பில் நேரும் தவறு பொருளையும் உழைப்பையும் விழுங்கிவிடும். மாதிரியைத் தகட்டில் வரைந்து வெட்டியபின், கூரான ஓரங்களை அரத்தால் அராவ வேண்டும். பிறகு துண்டுகளைப் பொருத்தி, புள்ளி வைத்தாற்போல ஆங்காங்கே மட்டும் பற்றவைக்க வேண்டும். இந்நிலையில் நான்கு புறமும் சுற்றிவந்து பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் புள்ளிகளை எளிதில் பிரித்து மாற்றலாம். வடிவம் மனத்துக்கு நிறைவளித்த பின்னரே முழுமையாகப் பற்றவைக்க வேண்டும். அதையும் ஒரே பக்கமாகச் செய்தல் கூடாது. சூடேறிய இரும்பு ஆறும்போது சுருங்கி, தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். பக்கம் மாற்றி மாற்றிப் பற்றவைத்தால் உருவம் கோணாது. இறுதியில் துரு அண்டாமல் இருக்க வண்ணமோ மெழுகோ பூசலாம்.

இவை அனைத்தையும் பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டும். கருங்கண்ணாடி, தோல் கையுறை, பருத்தி ஆடை, மூடிய காலணி ஆகியவை கட்டாயம். செயற்கை இழை ஆடை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடேற்றினால் தீங்கு விளைவிக்கும் புகை எழும். ஆக்சிஜன் கலனின் அருகில் எண்ணெயோ கொழுப்போ இருத்தல் ஆகாது. கருவிக்கு மரியாதை தருவதே இத்தொழிலின் முதல் ஒழுக்கம்.

முடிவுரை

கொன்சாலெஸ் பட்டறையில் கற்றதும் தொழிற்சாலையில் கற்றதும் பிழைப்புக்கான வேலைகள். அவற்றைக் கற்றபோது அவை தம்மைச் சிற்பியாக்கும் என்று அவர் அறிந்திருக்கவில்லை. அண்ணனை இழந்த துயரிலும், ஓவியராகும் கனவு கைகூடாத ஆண்டுகளிலும் அவர் கைகள் தொழிலை விடவில்லை. தேவை வந்த நாளில் அக்கைகள் ஆயத்தமாக இருந்தன. உலகம் போற்றிய ஓவியர் உதவி கேட்டபோது, தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் கொடுத்தார். தமக்குத் தெரியாததைக் கூச்சமின்றி ஏற்றார்.

கைத்தொழிலுக்கும் கலைக்கும் இடையே உயர்வு தாழ்வு என்னும் சுவர் நெடுங்காலம் இருந்தது. அச்சுவரில் ஒரு வாசலைத் திறந்தது ஒரு தொழிலாளியின் எரிமுனை. இன்று எங்கோ ஒரு தொழிற்கல்லூரியில், கருங்கண்ணாடி அணிந்து, பழைய தகட்டின்மேல் முதல் கோட்டை இழுக்க முயலும் மாணவரின் கையிலும் அதே சுடர்தான் எரிகிறது.

அருஞ்சொற்பொருள்

அடைகல் – காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கனமான இரும்புக் கட்டை
சம்மட்டி – பெரிய சுத்தியல்
தறையாணி – இரு தகடுகளைத் துளையிட்டு இணைக்கும் ஆணி
பொடிவைத்து ஊதுதல் – எளிதில் உருகும் உலோகப் பொடியைக் கொண்டு நகைகளை இணைத்தல்
எரிமுனை – வாயுச் சுடர் வெளிப்படும் கருவியின் நுனி
அராவுதல் – அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்தல்
சுண்ணச்சாந்து – நீரில் குழைத்து உருவம் செய்யப் பயன்படும் வெண்ணிற மாவு

கருத்துணர் வினாக்கள்

1. செதுக்குதல், வார்த்தல், பற்றவைத்தல் ஆகிய மூன்று முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. தறையாணி அடிப்பதைவிடப் பற்றவைத்தல் சிற்பிக்கு அதிக விடுதலை தந்தது ஏன்?
3. கொன்சாலெஸும் பிக்காசோவும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றவை யாவை?
4. ‘மொன்செராட்’ சிற்பத்தில் கொன்சாலெஸ் எளிதில் அறியக்கூடிய உருவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று கருதுகிறாய்?
5. ‘இரும்பு பிடித்த கை சும்மா இருக்காது’ என்னும் கருத்து கொன்சாலெஸின் வாழ்க்கைக்கு எவ்வாறு பொருந்துகிறது? இரண்டு சான்றுகளுடன் எழுதுக.
6. உன் வட்டாரத்தில் கைத்தொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் தொழிலை யாரிடம், எவ்வாறு கற்றார் என்பதைக் கேட்டறிந்து, 180 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுக.